எண்ணிக்கை கூறும் படம்: மூலப் பதிவும் ஹிஸ்டோகிராமும்

டிஜிட்டல் காமிராவினால் படம் எடுத்தவுடன், அதன் பின்புறத் திரையின் ஓரத்தில் மலைத்தொடரின் வரைகோட்டைப் போன்ற ஒரு சிறு உருவம் தோன்றுவதைப் பலர் கண்டிருப்பர். சிலர் அதனை அலங்காரமெனக் கருதி விட்டுவிடுகின்றனர். வேறு சிலரோ, அம்மலை நடுவில் குவிந்திருந்தால் படம் நன்று, ஓரத்தில் ஒதுங்கியிருந்தால் தீது என்று எங்கோ படித்ததை நம்பி, நல்ல படங்களையும் திருத்திக் கெடுத்துவிடுகின்றனர். இவ்விரண்டாம் வகையினரால் விளையும் நஷ்டமே பெரிது. மண் ஆய்வுக்காகத் தோண்டிய குழியின் பக்கச் சுவர், பயிரில் முதன்முதலாகத் தென்பட்ட நோய், வெள்ளம் வடிந்த அன்று கரையில் பதிந்திருந்த நீர்மட்டக் கறை ஆகியவற்றைக் களப்பணியாளர் ஒரு முறையே படமெடுக்க இயலும். குழி மூடப்பட்டுவிடும்; நோயுற்ற செடி பிடுங்கப்பட்டுவிடும்; கறை அடுத்த மழையில் கரைந்துவிடும். எஞ்சுவது படம் ஒன்றே. அதில் எது பதிவாகியுள்ளது, எது பதிவாகவில்லை என்பதை அந்த இடத்திலேயே அறிவிக்கக்கூடிய சாதனம் இச்சிறு உருவமே. ஆயினும் அது கூறுவது யாது, கூறாதது யாது என்னும் இரண்டையும் அறிந்தவருக்கே அது பயன்படும்.

எண்ணிக்கையே, தீர்ப்பன்று

இவ்வுருவத்தின் பெயர் ஹிஸ்டோகிராம். பள்ளிப் பாடநூல்கள் இதனை நிகழ்வுச் செவ்வகம் என்று குறிப்பிடுகின்றன. இச்சொல்லை வழக்கிற்குக் கொணர்ந்தவர் ஆங்கிலேயப் புள்ளியியல் அறிஞர் கார்ல் பியர்சன். 1895இல் அச்சேறிய அவரது ஆய்வுரையில் இது காணப்படுகிறது. மழையளவையோ விளைச்சலையோ வகுப்பு இடைவெளிகளாகப் பிரித்து, ஒவ்வோர் இடைவெளியிலும் எத்தனை கிராமங்கள், எத்தனை வயல்கள் அடங்குகின்றன என்று எண்ணிச் செவ்வகங்கள் வரைந்து பழகியவருக்குக் காமிராவின் ஹிஸ்டோகிராம் புதியதன்று. கிராமங்களுக்குப் பதிலாக இங்கு எண்ணப்படுபவை படப்புள்ளிகள், அதாவது பிக்சல்கள். மழையளவுக்குப் பதிலாகக் கிடைக்கோட்டில் அமைவது ஒளியின் அளவு. இடக்கோடி முழுக் கருமை. வலக்கோடி முழு வெண்மை. இரண்டிற்கும் இடையே 0 முதல் 255 வரை 256 படிகள். ஒவ்வொரு படியிலும் எத்தனை புள்ளிகள் உள்ளனவோ அதற்கேற்ப அவ்விடத்தின் உயரம் அமைகிறது.

வகுப்பறையில் இதனை விளக்குவதற்குக் காமிராவே தேவையில்லை. கட்டத் தாளில் பத்துக்குப் பத்தாக நூறு கட்டங்கள் கொண்ட சதுரம் ஒன்றை வரைந்து, ஒவ்வொரு கட்டத்திலும் 0 முதல் 9 வரை ஏதேனும் ஓர் எண்ணை எழுதச் செய்யலாம். 0 என்பது கருமை, 9 என்பது வெண்மை. எண்களுக்கேற்பப் பென்சிலால் நிழல் தீட்டினால் ஒரு முகமோ ஒரு வீடோ தோன்றுமாறு ஆசிரியர் முன்னதாகவே அமைத்துக் கொள்வது நன்று. மாணவர் ஒவ்வோர் எண்ணும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பத்துச் செவ்வகங்கள் வரைவர். பின்னர் அந்நூறு கட்டங்களையும் கத்தரித்துக் கலைத்து, மனம்போனபடி ஒட்டி, மீண்டும் எண்ணச் சொல்ல வேண்டும். முகம் மறைந்துவிடும், ஹிஸ்டோகிராம் மட்டும் அணுவளவும் மாறாது. எத்தனை என்பதை அது கூறுகிறது, எங்கே என்பதைக் கூறுவதில்லை என்னும் உண்மை இதனினும் தெளிவாக வேறெவ்வாறும் விளங்காது.

இதன் விளைவு களத்தில் எளிதில் புலப்படுவதில்லை. இரண்டு கோடியே நாற்பது இலட்சம் படப்புள்ளிகள் கொண்ட ஒரு காமிராவினால், நெல் வயலின் நடுவே நிற்கும் வெண்கொக்கு ஒன்று படமெடுக்கப்படுகிறதென்று கொள்வோம். கொக்கின் உடல் படத்தில் 200க்கு 200 புள்ளிகள், அதாவது 40,000 புள்ளிகள் கொண்ட இடத்தை அடைத்துக் கொள்ளுமாயின், அது முழுப் படத்தில் 600இல் ஒரு பங்கே. 256 படிகளில் சராசரியாக ஒவ்வொரு படிக்கும் 93,750 புள்ளிகள் சேரும். கொக்கின் இறகுகள் அனைத்தும் ஒளி மிகுந்து வெற்று வெண்மையாகிவிட்டாலும், வலக்கோடியில் எழும்பும் தூணின் உயரம் அச்சராசரியில் பாதியைக்கூட எட்டாது. வயலின் பசுமை நடுவில் பெருமலையாக நிற்க, கொக்கின் அழிவு ஓரத்தில் ஒரு மெல்லிய கோடாக மறைந்திருக்கும். பார்ப்பவர் படம் நன்றென்றே எண்ணுவார். ஆகவே மிகை ஒளி பட்ட இடங்களைத் திரையில் மினுக்கிக் காட்டும் எச்சரிக்கை வசதி காமிராவில் இருந்தால், அதனையும் இயக்கி வைத்துக்கொள்ள வேண்டும். எத்தனை என்பதை ஹிஸ்டோகிராமும், எங்கே என்பதை அந்த மினுக்கமும் கூறும்.

இனி, மலை எவ்விடத்தில் இருக்க வேண்டும் என்னும் கேள்வி. இதற்குப் பொதுவான விடை கிடையாது. எடுக்கப்படும் பொருளே விடை கூறும். காமிராவினுள் இருக்கும் ஒளிமானி, எதிரில் உள்ள காட்சி நடுத்தரச் சாம்பல் நிறத்தின் அளவிற்கே ஒளியைத் திருப்பியனுப்புகிறதென்று கொண்டு கணக்கிடுகிறது. இக்காலத்து ஒளிமானிகள் முன்னையவற்றினும் நுட்பம் வாய்ந்தவையே. எனினும் காட்சி முழுதும் வெண்மையாகவோ கருமையாகவோ அமையும்போது அவையும் ஏமாறுகின்றன. குஜராத்தின் கட்ச் பகுதியில், மழைநீர் வற்றியபின் குளிர்காலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை உப்புப் பாளம் விரிந்து கிடக்கும் வெள்ளை ரண் பிரதேசத்தை ஒளிமானியை நம்பிப் படமெடுத்தால், உப்பு சாம்பலாகிவிடும். ஹிஸ்டோகிராமில் மலை நடுவில் அழகாக நிற்கும். அழகு இருக்கும், உண்மை இராது. அம்மலை வலப்பக்கத்தில் இருக்க வேண்டியது.

இதற்கு நேர்மாறானது தக்காணத்துக் கரிசல் மண். மண் ஆய்வாளர் பயன்படுத்தும் மன்செல் நிற அட்டையில் வெளிர்மைக்கான எண் 3 என்று குறிக்கப்படும் மண், தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு ஏறத்தாழ 6.5 பங்கையே திருப்பியனுப்புகிறது. சரிவரத் தயாரிக்கப்பட்ட சாதாரணப் படத்தில் அது 72ஆம் படிக்கு அருகில் அமைய வேண்டும். நடுத்தரச் சாம்பலோ நூற்றுக்கு 18 பங்கு ஒளியைத் திருப்பி, 118ஆம் படிக்கு அருகில் அமைவது. ஒளிமானி கரிசல் மண்ணை 118க்கு உயர்த்திவிடுமாயின், படத்தைப் பார்ப்பவர் அதனை வேறொரு மண்வகை என்றே கொள்ள இடமுண்டு. மண் வகைப்பாட்டில் நிறம் ஒரு சான்று. அச்சான்றை அழிப்பது திருத்தமாகாது.

மூலப் பதிவு என்பது யாது

தரமான காமிராக்களும் இக்காலத்துக் கைப்பேசிகள் சிலவும் இரண்டு வகைக் கோப்புகளை அளிக்கின்றன. ஒன்று, ஜேபெக் எனப்படும் பக்குவப்படுத்திய படம். மற்றொன்று, ரா என்று வழங்கப்படும் மூலப் பதிவு. இரண்டிற்கும் உள்ள வேறுபாடு சமைத்த சோற்றிற்கும் களத்துமேட்டு நெல்லுக்கும் உள்ள வேறுபாடு போன்றது.

காமிராவினுள் ஒளியை வாங்கும் உணர்தகட்டில் இலட்சக்கணக்கான நுண்குழிகள் உள்ளன. விழும் ஒளித்துகள்களுக்கேற்ப ஒவ்வொரு குழியிலும் எலெக்ட்ரான்கள் சேர்கின்றன. குழிகளுக்கு நிறம் தெரியாது. ஆதலால் அவற்றின்மீது சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய நிறங்களில் நுண்ணிய வடிகட்டிகள் பதிக்கப்படுகின்றன. நான்கு குழிகளுக்கு இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம் என்னும் இவ்வமைப்பை வகுத்தவர் கோடக் நிறுவனத்தைச் சேர்ந்த பிரைஸ் பேயர். அவருக்கு 1976இல் அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. இன்றும் பெரும்பாலான காமிராக்களில் உள்ளது இவ்வமைப்பே. ஒவ்வொரு குழியும் அளித்த எண்ணை ஏறத்தாழ அப்படியே எழுதி வைப்பது மூலப் பதிவு. 14 இரும எண்களில் எழுதும் காமிராவாயின் 0 முதல் 16,383 வரை படிகள் உண்டு. 12 இரும எண்களாயின் 4,096 படிகள்.

இப்பதிவின் முக்கியமான இயல்பு ஒன்று உண்டு. ஒளி இரு மடங்கானால் எண்ணும் இரு மடங்காகும். மனிதக் கண் அவ்வாறு உணர்வதில்லை. இருளில் நேரும் சிறு மாற்றத்தை அது பெரிதாகவும், வெளிச்சத்தில் நேரும் பெரு மாற்றத்தைச் சிறிதாகவும் காண்கிறது. எனவே மூலப் பதிவை உள்ளபடியே திரையில் காட்டினால் படம் முழுதும் இருண்டு தோன்றும். அதன் ஹிஸ்டோகிராம் இடப்பக்கம் நெருங்கிக் கிடக்கும். மேற்கூறிய நடுத்தரச் சாம்பல், 16,383இல் நூற்றுக்கு 18 பங்காகிய சுமார் 2,950ஆம் படியில், அதாவது இடக்கோடியிலிருந்து ஐந்தில் ஒரு பங்கிற்கும் குறைந்த தொலைவில் இருக்கும். கண்ணுக்கு ஏற்றவாறு இருண்ட பகுதிகளை உயர்த்தி வளைத்து எழுதிய பின்னரே அது 255க்கு 118 என்னும் நடு இடத்தை அடைகிறது. காமிரா ஜேபெக் படத்தைத் தயாரிக்கும்போது இவ்வளைவை ஏற்றி, வெண்மைச் சமநிலைக்காகச் சிவப்பு, நீல எண்களைப் பெருக்கி, மாறுபாட்டைக் கூட்டி, நிறத்தைச் செறிவாக்கி, இறுதியில் எஞ்சியதை 256 படிகளுக்குள் அடைக்கிறது.

இங்குதான் பலரும் கவனியாத ஒரு விஷயம் உள்ளது. மூலப் பதிவாகவே படமெடுக்குமாறு காமிராவை அமைத்திருந்தாலும், அதன் திரையில் தோன்றும் ஹிஸ்டோகிராம் பொதுவாக மூலப் பதிவினுடையதன்று. காட்சிக்காகக் காமிரா தானே சமைத்துக்கொண்ட ஜேபெக் படத்தினுடையது. நெல்லை எடைபோடுவதாக எண்ணிக்கொண்டு சோற்றை எடைபோடுவது போன்றது இது.

இவ்வேறுபாடு சிறிதன்று. பகல் வெளிச்சத்தில் சிவப்புக் குழிகளின் எண்களை ஏறத்தாழ இரு மடங்காகவும், நீலக் குழிகளின் எண்களை ஏறத்தாழ ஒன்றரை மடங்காகவும் பெருக்கினால்தான் வெண்மை வெண்மையாகத் தோன்றும். இவ்வெண்கள் காமிராவுக்குக் காமிரா சற்று மாறுபடும். ஆகவே திரையில் சிவப்பு மலை வலக்கோடியில் முட்டிக்கொண்டு நிற்கும் வேளையில், மூலப் பதிவின் சிவப்புக் குழிகள் பாதியளவே நிரம்பியிருக்கக்கூடும். மத்திய இந்தியாவிலும் தக்காணத்திலும் இலையுதிர்ந்த காலத்தில் கொத்துக்கொத்தாக மலரும் பலாச மரம் (தமிழில் புரசு) இதற்குத் தக்க உதாரணம். அதன் செம்மஞ்சள் மலரைப் படமெடுத்தால், இதழ்களின் மடிப்பும் மயிரிழை போன்ற நரம்பும் மறைந்து, ஒரே நிறத்தில் வண்ணத்தாளைக் கத்தரித்து ஒட்டியது போலத் தோன்றும். மூன்று நிறங்களையும் ஒன்றாகக் கலந்து காட்டும் வெண்ணிற ஹிஸ்டோகிராமில் இதற்கு எவ்விதக் குறியும் இராது. சிவப்புக்கென்று தனியே உள்ள ஹிஸ்டோகிராமே இதனை வெளிப்படுத்தும். ஆனால் அச்சிவப்பும் மூலப் பதிவில் கெட்டிருக்க வேண்டுமென்பதில்லை. சாதாரணத் திரைகளுக்கென 1990களில் வகுக்கப்பட்ட நிற எல்லைக்குள் அம்மலரின் செறிந்த நிறம் அடங்காமையால் நேர்ந்த முட்டலாகவும் அது இருக்கலாம். திருத்தும்போது நிறச் செறிவைச் சற்றுக் குறைத்தாலோ, விரிந்த நிற எல்லையைத் தேர்ந்தாலோ, மறைந்த நரம்புகள் மீண்டும் தோன்றும். ஜேபெக் படம் மட்டும் கையில் இருந்தால் இவ்வழி அடைபட்டுவிடுகிறது.

இரு கோடிகளும் ஒன்றல்ல

ஹிஸ்டோகிராமின் வலக்கோடியில் முட்டுவதும் இடக்கோடியில் முட்டுவதும் சம அளவு குற்றங்களெனப் பல கையேடுகள் கூறுகின்றன. மூலப் பதிவைப் பொறுத்தவரை அது சரியன்று.

ஒரு குழி தாங்கக்கூடிய எலெக்ட்ரான்களுக்கு ஓர் எல்லை உண்டு. அது நிரம்பியபின் விழும் ஒளியைக் குழி கணக்கில் கொள்வதில்லை. இதுவே தெவிட்டிய நிலை. தெவிட்டிய குழிகள் அனைத்தும் ஒரே எண்ணையே அளிக்கும். அவற்றிடையே இருந்த வேற்றுமை எவ்வகையிலும் மீளாது. திருத்தும் மென்பொருள்களில் ஒளிமிகுந்த பகுதிகளை மீட்பதற்கென்று ஒரு வசதி உண்டே என்று கேட்கலாம். பச்சைக் குழிகள் மட்டும் தெவிட்டி, சிவப்பும் நீலமும் தெவிட்டாதிருந்தால், அவ்விரண்டையும் கொண்டு பச்சை எவ்வளவு இருந்திருக்கலாமென்று மென்பொருள் ஊகிக்கிறது. மேகத்தின் விளிம்பிற்கு இவ்வூகம் போதும். இலையின்மீது வெண்புள்ளியாகத் தோன்றும் நோயைப் பற்றிய அறிக்கைக்கு அது போதாது. ஊகத்தை அளவீடாகக் காட்டலாகாது.

மறுபக்கத்தில், இருளில் கிடப்பது பெரும்பாலும் அழிவதில்லை, தரம் குன்றுகிறது. காரணம் ஒளியின் இயல்பிலேயே உள்ளது. ஒளித்துகள்கள் மழைத்துளிகளைப் போல ஒழுங்கின்றி விழுகின்றன. சராசரியாக 100 துகள்கள் விழ வேண்டிய குழியில் 10 கூடியோ குறைந்தோ விழுவது இயல்பு. அது நூற்றுக்குப் பத்துப் பிழை. 10,000 துகள்கள் விழும் குழியில் இம்மாறுபாடு 100 அளவினது. அது நூற்றுக்கு ஒன்றே. எண்ணிக்கையின் வர்க்கமூலமே மாறுபாட்டின் அளவு. இருண்ட பகுதியைத் திருத்தும்போது உயர்த்தினால் இப்பிழையும் உடன் உயர்ந்து, மணல் தூவியது போன்ற இரைச்சலாகத் தோன்றுகிறது.

இதிலிருந்து ஒரு செயல்முறை பிறந்தது. முக்கியமான எதுவும் தெவிட்டாத எல்லை வரை ஒளியை மிகுதியாக வாங்கிக்கொண்டு, பின்னர்த் திருத்தும்போது வேண்டிய அளவிற்குத் தாழ்த்திக்கொள்வது. ஹிஸ்டோகிராமை வலப்பக்கம் சாய்த்தல் என்று இதனைக் கூறுவர். கனடா நாட்டுப் புகைப்பட நிபுணர் மைக்கேல் ரைக்மன் 2003இல் எழுதிய கட்டுரையினால் இது பரவியது. மூலப் பதிவின் படிகளில் சரிபாதி மிக ஒளிர்ந்த ஒரு ஸ்டாப்பிற்குள் அடங்குகின்றன. 14 இரும எண் பதிவில் முதல் ஸ்டாப்பிற்கு 8,192 படிகள், அடுத்ததற்கு 4,096, அதற்கடுத்ததற்கு 2,048, ஆறாவதற்கு 256 மட்டுமே என்பது அவர் காட்டிய காரணத்தின் சாரம். கணக்கு சரியே. ஆயினும் இக்காலத்துக் காமிராக்களில் படிகளின் பற்றாக்குறையைக் காட்டிலும் ஒளித்துகள்களின் பற்றாக்குறையே முந்திக்கொண்டு படத்தைக் கெடுக்கிறது. செய்முறை நிலைத்தது; காரணம் மாறியது.

இக்காரணத்தை அறிந்தவர் ஒரு பொறியிலிருந்து தப்புவர். ஐ.எஸ்.ஓ. எண்ணை உயர்த்தினாலும் ஹிஸ்டோகிராம் வலப்பக்கம் நகரும். அதனால் குழிகளில் ஒளி கூடுவதில்லை. ஏற்கெனவே விழுந்த ஒளியின் கணக்கு பெருக்கிக் காட்டப்படுகிறது. தெவிட்டும் எல்லையும் அதற்கேற்பத் தாழ்கிறது. ஒளியை உண்மையில் கூட்டுபவை ஷட்டர் திறந்திருக்கும் நேரமும் லென்ஸின் துவாரமும், காட்சியின்மீது விழும் வெளிச்சமுமே. அசையாத மண்குழிச் சுவரை முக்காலியில் காமிராவை நிறுத்திப் படமெடுப்பவர், ஐ.எஸ்.ஓ. எண்ணைத் தாழ்வாக வைத்து ஷட்டர் நேரத்தை நீட்டுவதே முறை.

கரிசல் மண்ணுக்கு இச்செய்முறை குறிப்பாகப் பொருந்தும். படமெடுக்கும்போது மலையை வலப்பக்கம் நகர்த்தி ஒளியை மிகுதியாக வாங்கலாம். திருத்தும்போது அதனை 72ஆம் படிக்கு இறக்கலாம். பதிவில் கூடுதல் ஒளியும், தயாரித்த படத்தில் உண்மைக் கருமையும் ஒருங்கே கிட்டும். வெள்ளை ரண் பிரதேசத்தில் இத்தகைய இடவசதி கிடையாது. அங்கு உப்பு ஏற்கெனவே எல்லையை நெருங்கி நிற்பதால் மிகுந்த எச்சரிக்கை தேவை. எனினும் உப்புப் பளிங்கின் முகப்பில் சூரியன் நேரே பிரதிபலிக்கும் பொறிகள் தெவிட்டுவது பற்றிக் கவலையுற வேண்டியதில்லை. பித்தளைக் குடத்தின் பளபளப்பு, ஓடையின் மினுமினுப்பு ஆகியவையும் இவ்வாறே. அவற்றைக் காப்பதற்காகப் படம் முழுவதையும் இருட்டடிப்பது, வரப்பைக் காக்க வயலை இழப்பதற்கு ஒப்பாகும்.

திருத்தும் மேசையில்

மூலப் பதிவைத் திறந்து திருத்துவதற்கு ராதெரபி, டார்க்டேபிள் போன்ற விலையற்ற மென்பொருள்கள் கிடைக்கின்றன. திருத்துபவர் எதைச் செய்தாலும் மூலப் பதிவு மாறுவதில்லை. செய்த திருத்தங்கள் கட்டளைகளாகத் தனியே சேமிக்கப்படுகின்றன. மென்பொருளில் பொதுவாகத் தோன்றும் ஹிஸ்டோகிராமும், தயாராகிக்கொண்டிருக்கும் படத்தினுடையதே. அதில் வலக்கோடி முட்டினால் உடனே அஞ்ச வேண்டியதில்லை. எக்ஸ்போஷர் என்னும் நழுவுகோலைக் கீழே இறக்கிப் பார்க்க வேண்டும். முட்டி நின்ற தூண் உருகி மலையாக விரியுமானால் தகவல் பத்திரமாக உள்ளது. தூண் உருகாமல், உருவம் மாறாமல், அப்படியே இடப்பக்கம் நகர்ந்து வருமாயின், அக்குழிகள் படமெடுத்த கணத்திலேயே தெவிட்டிவிட்டன என்று பொருள். மூலப் பதிவின் ஹிஸ்டோகிராமையே நேராகக் காட்டும் வசதி ராதெரபியில் உண்டு. டார்க்டேபிளில் தெவிட்டிய மூலக் குழிகளை நிறமிட்டுக் காட்டும் குறி உண்டு. ஐயம் நேரும்போது இவற்றைக் கொண்டு தெளியலாம்.

எக்ஸ்போஷர் நழுவுகோல் செய்வது வெறும் பெருக்கல். ஒரு ஸ்டாப் உயர்த்தினால் மூலப் பதிவின் ஒவ்வோர் எண்ணும் இரு மடங்காகும். மாறுபாட்டைக் கூட்டுவது மலையை இருபுறமும் இழுத்து விரிப்பதாகும். இவ்விழுப்பைத் தாங்கும் ஆற்றலில்தான் மூலப் பதிவிற்கும் ஜேபெக்கிற்கும் உள்ள வேறுபாடு கண்கூடாகிறது. மூடுபனியில் எடுத்த ஒரு ஜேபெக் படத்தின் மலை 60ஆம் படியிலிருந்து 180ஆம் படி வரை பரவியிருப்பதாகக் கொள்ளலாம். அதில் உள்ள படிகள் 121. இதனை 0 முதல் 255 வரை விரித்தால் 121 படிகளே 256 இடங்களில் பரவும். 135 இடங்கள் வெறுமையாக நிற்கும். ஹிஸ்டோகிராம் சீப்பின் பற்களைப் போல் ஆகிவிடும். வானத்தில் பட்டை பட்டையான கோடுகள் தெரியும். அதே காட்சியின் மூலப் பதிவில் ஆயிரக்கணக்கான படிகள் இருப்பதால் இடைவெளி விழாது. மாணவருக்கு இவ்விரு ஹிஸ்டோகிராம்களையும் அருகருகே காட்டுவது, நீண்ட விளக்கத்தினும் பயன் தரும்.

இவ்வாறு விரிப்பது புகைப்படக்காரர் கண்டுபிடித்த வித்தையன்று. 1988 மார்ச் 17 அன்று விண்ணில் செலுத்தப்பட்ட இந்தியாவின் முதல் நடைமுறைப் பயன்பாட்டுத் தொலையுணர்வுச் செயற்கைக்கோளான ஐ.ஆர்.எஸ். 1ஏ அனுப்பிய படங்களில் ஒவ்வொரு நிறப்பட்டைக்கும் 128 படிகளே இருந்தன. இருண்ட கடலையும் ஒளிரும் பனிமலையையும் ஒரே அளவுகோலில் அடக்க வேண்டியிருந்தமையால், ஒரு மாவட்டத்தின் காட்சி அப்படிகளில் ஒரு சிறு பகுதியையே நிரப்பும். விரித்துப் பார்த்த பின்னரே வயலும் தரிசும் வேறு வேறாகக் கண்ணுக்குத் தெரிந்தன. ஆனால் பயிர்ப்பரப்பைக் கணக்கிடுவோர் விரித்த படத்தின் எண்களை அளவீடாகக் கொள்வதில்லை. கண்ணுக்கு விரித்த படம், கணக்கிற்கு மூல எண்கள் என்று பிரித்தே வைத்துக் கொள்வர்.

சாதாரணப் புகைப்படத்திலும் இப்பிரிவினை அவசியம். மென்பொருள்களில் உள்ள தானியங்கித் திருத்தப் பொத்தான், ஒவ்வொரு படத்தின் ஹிஸ்டோகிராமையும் அதனதன் கோடிகள் வரை தனித்தனியே விரித்துவிடுகிறது. திருமணப் படங்களுக்கு அது வசதியே. ஒரே வயலைச் சித்திரையிலும் ஐப்பசியிலும் எடுத்து ஒப்பிடும் பணியாளருக்கு அது கேடு. இரண்டு படங்களும் ஒரே அளவு ஒளிர்ந்து தோன்றும். எந்த வேற்றுமையைக் காட்டுவதற்காக அவை எடுக்கப்பட்டனவோ அதுவே துடைக்கப்பட்டிருக்கும். இதனைத் தவிர்ப்பதற்கு, நூற்றுக்கு 18 பங்கு ஒளியைத் திருப்பும் சாம்பல் அட்டை ஒன்றைக் காட்சியின் ஓரத்தில், பொருளின்மீது விழும் அதே வெளிச்சம் அதன்மீதும் விழுமாறு வைத்துப் படமெடுக்க வேண்டும். திருத்தும்போது அட்டையின் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 118க்கு அருகில் ஒன்றிவருமாறு வெண்மைச் சமநிலையையும் எக்ஸ்போஷரையும் அமைத்து, வளைவையும் மாறுபாட்டையும் எல்லாப் படங்களுக்கும் ஒன்றாகவே வைத்துக்கொள்ள வேண்டும். அதன்பின் மலைகள் எங்கே நிற்கின்றனவோ அங்கேயே நிற்கட்டும். கரிசல் இடப்பக்கம் ஒதுங்கினால் அது கரிசலின் குணம்.

தம் காமிராவின் திரை எவ்வளவு தூரம் மிகைப்படுத்தி எச்சரிக்கிறது என்பதை ஒவ்வொருவரும் ஒரு பிற்பகலில் அறிந்துகொள்ளலாம். நிழலில் உள்ள சுண்ணாம்புச் சுவர் ஒன்றை, லென்ஸை அதன்மீது முழுதும் நிறைத்து, ஒளிமானி கூறும் அளவில் தொடங்கி, ஷட்டர் நேரத்தை மூன்றில் ஒரு ஸ்டாப் வீதம் கூட்டிக்கொண்டே நான்கு ஸ்டாப் வரை பதின்மூன்று மூலப் பதிவுகள் எடுக்க வேண்டும். காமிராவின் திரையில் எந்தப் பதிவில் எச்சரிக்கை முதலில் மினுக்கியது என்று குறித்துக்கொண்டு, பின்னர் மூலப் பதிவின் ஹிஸ்டோகிராமில் எந்தப் பதிவில் பச்சைக் குழிகள் முதலில் தெவிட்டின என்று பார்க்க வேண்டும். இரண்டிற்கும் இடையே பல காமிராக்களில் அரை ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் வரை இடைவெளி காணப்படும். காமிராவின் பட அமைப்பில் மாறுபாட்டையும் நிறச் செறிவையும் குறைத்து வைத்தால் இவ்விடைவெளி சுருங்கும். கிடைத்த எண்ணைக் காமிரா உறையின் உட்புறத்திலோ களக் குறிப்பேட்டின் முதற்பக்கத்திலோ எழுதி வைப்பது வசதி. காமிராவை மற்றொருவரிடம் ஒப்படைக்கும்போது அதுவும் உடன் செல்லும்.